ரகளைக்கு முந்தைய பத்து நிமிடங்களைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், மற்றவர்களுக்கும் புரியும். நாலு வயது மகள். கண் விழித்ததிலிருந்து இரவு வரை ஓட்டம், சோபாவிலிருந்து குதிப்பது, ஜன்னல் கம்பியில் ஏறுவது. மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள், டிவியை மட்டும் சத்தமாக வைக்கச் சொல்கிறாள். பட்டுப்பாவாடையோ லேஸ் வைத்த கவுனோ உடம்பில் ஒரு நிமிடம் தங்குவதில்லை. இட்லி, தயிர்சாதம், பால், ஒரே ஒரு வகை பிஸ்கட், இவற்றைத் தவிர எதுவும் இறங்குவதில்லை. பேச்சு வந்துவிட்டது, ஆனால் பாதிப் பேச்சு கார்ட்டூனில் கேட்டதைத் திருப்பிச் சொல்வது. தலைக்குக் குளிப்பாட்டுவது ஒரு போர். எல்.கே.ஜி.யில் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்கிறார் மாமியார், நானும் சின்ன வயதில் இப்படித்தான் என்கிறார் கணவர். இது சேட்டையா, ஆட்டிசமா (மற்றவர்களோடு பழகுவதிலும் பேச்சிலும் வேறுபடுகிற வளர்ச்சி நிலை), ஏ.டி.எச்.டி.யா (கவனம் நிற்காத, அடங்காத துறுதுறுப்பு), அடித்து வளர்க்காததால் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது குளிப்பது, சாப்பிடுவது, விளையாடுவது போன்ற அன்றாடக் காரியங்களுக்குக் குழந்தைகளைப் பழக்குகிற சிகிச்சையாளர். இந்த மாதிரிக் குழந்தைகளோடும் அவர்களின் அம்மா அப்பாக்களோடும்தான் என் வேலை. நேரில் பார்க்காமல், எழுதியதை வைத்து உங்கள் மகளுக்கு இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிற யாரையும் நம்பவும் வேண்டாம். அதற்காக, பெயர் தெரிகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதும் இல்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில்: அடிக்காமல் வளர்த்ததால் எந்தக் குழந்தையும் மிக்ஸிச் சத்தத்துக்கு அலறாது. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். சில குழந்தைகள் பிறக்கும்போதே வேகத்தோடுதான் பிறக்கிறார்கள். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கி, கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை பலரைத் தொடர்ந்து கவனித்தார்கள். எவ்வளவு அசைகிறது, எவ்வளவு பலமாக அழுகிறது சிரிக்கிறது, புதியதைக் கண்டால் நெருங்குகிறதா ஒதுங்குகிறதா, சின்னச் சத்தத்துக்கும் திரும்புகிறதா என்று ஒன்பது விதமான சுபாவங்களைப் பார்த்து, இவை மிகச் சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகின்றன என்றார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது, குழந்தையின் சுபாவமும் அதைச் சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைப் பொறுத்தே பின்னால் சிக்கல் வளர்கிறது என்பதுதான்.

ஆனால் ‘அப்பாவும் அப்படித்தான்’ என்பதைச் சொல்லிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியவை. அப்பா எப்படியோ சமாளித்து வந்துவிட்டார் என்பதால் மகளும் உதவி இல்லாமல் சமாளித்தாக வேண்டுமா? அதுவும் பெண் குழந்தைகள் விஷயத்தில் இவை தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகின்றன, வெட்கம், பிடிவாதம் என்று ஏதாவது சொல்லிப் பெரியவர்கள் கடந்துவிடுகிறார்கள். புலன் சம்பந்தமான அதீத உணர்ச்சியோ உணர்ச்சிக் குறைவோ 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்கிற அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் ‘சென்சரி பிராசசிங் டிஸார்டர்’ (புலன்வழி வருவதைக் கையாள்வதில் கோளாறு) என்று தனியாக ஒரு நோய்ப்பெயர் அதில் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2012இல், அந்தப் பெயரை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், அதற்குப் பின்னால் ஆட்டிசமோ ஏ.டி.எச்.டி.யோ பதற்றமோ இருக்கிறதா என்று பாருங்கள் என்றுதான் சொன்னது. ஆகவே யாராவது ‘இது வெறும் சென்சரிதான் மேடம்’ என்று சொல்லி ஆறு மாத பேக்கேஜை நீட்டினால், முழுப் பரிசோதனை முடியட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் ஐம்புலன் என்று படித்தோம். எங்கள் வேலையில் இன்னும் இரண்டைச் சேர்த்தே பார்ப்போம். ஒன்று, உட்காதில் இருக்கிற சமநிலைப் புலன். தலை சாய்கிறதா, சுற்றுகிறதா, விழுகிறோமா என்று அது சொல்கிறது. இன்னொன்று தசையிலும் மூட்டிலும் இருக்கிற உணர்வு. கண்ணை மூடினாலும் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு பலத்தில் தம்ளரைப் பிடித்திருக்கிறோம் என்று தெரிவது அதனால்தான். ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இவற்றைக் குழந்தைகளின் நடத்தையோடும் படிப்போடும் இணைத்து 1972இல் ஒரு நூலே எழுதினார். அவருடைய கோட்பாட்டில் எல்லாமே நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே குழந்தை சில உணர்வுகளைத் தேடி ஓடும், வேறு சிலவற்றைக் கண்டு தெறித்து ஓடும் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தது பெரிய விஷயம். நீங்கள் எழுதியதை அப்படிப் படித்தால் உங்கள் மகள் அசைவையும் அழுத்தத்தையும் தேடுகிறாள், திடீர்ச் சத்தத்தையும் லேசான உரசலையும் தவிர்க்கிறாள். டிவி சத்தம் பிடிக்கிறது, மிக்ஸி பிடிக்கவில்லை என்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. டிவியின் சத்தம் அவளாகக் கேட்டு வாங்கியது, மிக்ஸி அவளைக் கேட்காமல் வருகிறது.

இதை வைத்துக்கொண்டு நான் எல்லாப் பெற்றோரிடமும் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ரகளை நடக்கும்போது என்ன செய்தாள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், அதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைக்கிற மாதிரிதான் பெரும்பாலான வீடுகளில் குழந்தையைக் கையாளுகிறோம். ஒரு நோட்டு போடுங்கள். நேரம், இடம், யார் இருந்தார்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டாள், மதியம் தூங்கினாளா, என்ன சத்தம், என்ன உடுப்பு, எதை நிறுத்தச் சொன்னீர்கள், இவ்வளவும் இரண்டு வரியில். ஒரு வாரம் எழுதினாலே மாலை ஆறரைக்குத்தான் பாதி ரகளை, அதுவும் தூங்காத நாளில்தான் என்பதுபோல ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

குளியலைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதையே எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் வந்த ஒரு பையன், உங்கள் மகள் வயதுதான், தலைக்குக் குளிக்கிற நாளில் தெருவுக்கே கேட்கிற அலறல். அம்மா வெந்நீரை மாற்றிப் பார்த்தார், ஷாம்புவை மாற்றினார், சீயக்காய்க்குப் போனார், ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குளியலறைக்குள் சிரித்துக்கொண்டுதான் வருகிறான், மேலுக்கு ஊற்றும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. அம்மா தாடையைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்க்கிறார். அந்த நொடியில் இரண்டு கையும் விரிந்து வாளியின் விளிம்பைத் தேடுகின்றன, கால் விரல்கள் தரையைக் கவ்வுகின்றன, அதற்குப் பிறகுதான் அலறல். தண்ணீர் இன்னும் தலையில் விழவே இல்லை. அவனுக்குப் பயம் தண்ணீரும் இல்லை, ஷாம்புவும் இல்லை; தலை பின்னால் போனால் விழுந்துவிடுவோம் என்று உடம்பு நினைக்கிறது, அவ்வளவுதான். உயரம் குறைந்த முக்காலியில் இரண்டு பாதமும் தரையில் பதிய உட்காரவைத்து, முதுகு அம்மாவின் முழங்காலில் சாய்ந்திருக்க, தலையை முன்பக்கம் குனிந்து, கண்ணில் ஒரு துண்டை அவனே அழுத்திப் பிடித்துக்கொள்ள, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணி மூன்று சொம்போடு நிறுத்திக்கொண்டோம். முதல் சொம்பை அவன் கையாலேயே ஊற்றிக்கொண்டான். சில வாரங்களில் அலறல் முனகலாகி, அப்புறம் அதுவும் குறைந்தது. உங்கள் மகளுக்கும் இதுவேதான் என்று சொல்லவில்லை. சோப்பு வாசனையாக இருக்கலாம், குளியலறையின் எதிரொலியாக இருக்கலாம். அலறல் எந்த நொடியில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

அடுத்து ஓட்டம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி 3, 4 வயதுக் குழந்தை ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்குகிற ஆட்டமாக இருக்க வேண்டும். இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டில், கீழே கார் நிறுத்துகிற இடத்தில், இந்த மூன்று மணி நேரத்துக்கு எங்கே போவாள்? சோபாதான் மைதானம். அவள் ஓட்டத்தை நிறுத்தப் பார்ப்பதைவிட, அவள் உடம்பு கேட்கிறதை நாளின் சரியான நேரத்தில் நீங்களே முந்திக்கொண்டு கொடுப்பது பலன் தருகிறது. வெறும் ஓட்டம் சில குழந்தைகளை இன்னும் கிளப்பிவிடும், தசைக்கும் மூட்டுக்கும் பாரம் கொடுக்கிற வேலை பெரும்பாலும் அமைதிப்படுத்தும். இதற்கு ஒரு பொருளும் வாங்க வேண்டாம். சின்னக் குடத்தில் தண்ணீர் சுமந்துபோய்ச் செடிக்கு ஊற்றட்டும். துவைத்த துணி வாளியை மொட்டை மாடிக் கதவு வரை இழுக்கட்டும். சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசையக் கொடுங்கள். தலையணை எல்லாவற்றையும் குவித்து அதன்மேல் விழச் சொல்லுங்கள். வீட்டுச் சுவர் விழப்போகிறது, வா தள்ளிப் பிடிப்போம் என்று இரண்டு பேரும் சேர்ந்து தள்ளுங்கள். சட்டைக் காலரைக் கடிக்கிற பழக்கம் இருந்தால் முறுக்கு, கெட்டிச் சப்பாத்தி என்று கடிக்க ஏதாவது கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். சாப்பாட்டுக்கு முன், வெளியே கிளம்பும் முன், மாலையில் அந்த ஆறரை மணிக்கு முன், இந்த மூன்று இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் இப்படி ஒரு வேலை இருந்தால் வித்தியாசம் தெரியும்.

ஊஞ்சல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உத்தரத்தில் கட்டிய தூளி போதும், நான்கு வயதுக்காரியின் கனத்தைத் தாங்குகிற கொக்கியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு மெத்தை போடுங்கள். முன்னும் பின்னும் ஒரே சீராக ஆடுவது அமைதிப்படுத்தும். சுற்றுவது வேறு. தட்டாமாலை அவளுக்குப் பிடிக்கும் என்பதற்காக நீங்கள் பிடித்துச் சுற்றிவிடாதீர்கள், அவளாகச் சுற்றி அவளாக நிறுத்தட்டும். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ அன்றைக்குப் போதும். அதன் பாதிப்பு பிறகும் கொஞ்ச நேரம் உடம்பில் இருக்கும், தூங்கப்போகும் முன் சுற்றல் வேண்டவே வேண்டாம்.

தொடுகை விஷயத்தில் ஒன்று தெரிந்துகொண்டால் பாதி சண்டை தீரும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் லேசான தொடல்தான் எரிச்சல், அழுத்தமான தொடல் ஆறுதல். கன்னத்தை வருடினால் தட்டிவிடுகிற குழந்தை இறுக்கிக் கட்டிக்கொண்டால் அடங்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற நம் பழக்கம் இதற்கு நல்ல வழி, தோளிலிருந்து விரல் நுனி வரை உள்ளங்கை முழுவதும் பதிய மெதுவாக அழுத்தித் தேய்க்க வேண்டும், அவள் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இந்த வேலையை உங்கள் மாமியாரிடம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. செல்லம் கொடுத்துக் கெடுத்தாய் என்று சொல்கிறவருக்கு விளக்கம் சொல்லிப் புரியவைப்பதைவிட, அவர் கை பட்டுக் குழந்தை அடங்குவதை அவரே பார்ப்பது நல்லது. துணி விஷயத்தில் விட்டுக்கொடுங்கள். லேபிளை வெட்டுவதோடு தையலையும் பிரித்து அடியோடு எடுங்கள், மிச்சம் இருக்கும் நுனிதான் அதிகம் குத்தும். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்திப் பனியனை எல்லாவற்றுக்கும் உள்ளே போடுங்கள். பட்டுப்பாவாடை போடாத குழந்தை வந்ததால் எந்தக் கல்யாணமும் நின்றுபோகவில்லை.

சத்தத்துக்கு, முதலில் காது கேட்கும் பரிசோதனை. காதைப் பொத்துகிறவளுக்கு எதற்கு அது என்று கேட்பார்கள். பேச்சில் சிக்கல் இருக்கிற எந்தக் குழந்தைக்கும் அது முதல் வேலை, நடுக்காதில் நீர் கோத்து ஒரு நாள் ஒரு மாதிரி கேட்கிற குழந்தைகள் உண்டு. வீட்டில், மிக்ஸி போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள், அவளுக்குச் சம்மதம் இருந்தால் சுவிட்சை அவளே போட்டு அவளே அணைக்கட்டும். திருவிழா, தீபாவளி, கல்யாண மண்டப ஸ்பீக்கர், இவற்றுக்குச் சத்தம் குறைக்கிற ஹெட்போன் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நாள் முழுக்க மாட்டிவைக்காதீர்கள், அப்புறம் சாதாரணச் சத்தமும் பெரிதாகத் தெரியத் தொடங்கும். பழகட்டும் என்று தவில் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற பெரியவர்களைத் தயவுசெய்து தடுங்கள்.

சாப்பாட்டில் ஒரே பிஸ்கட்டைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அது இன்றைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரி நொறுங்கும், ஒரே மாதிரி இனிக்கும். தக்காளி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஆகவே தெரிந்த உணவைப் பறிக்காதீர்கள், அதற்கு மிக அருகில் இருக்கிற ஒன்றைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். இட்லி என்றால் அடுத்தது இட்லி மாவிலேயே ஊற்றிய மெத்து தோசை, அப்புறம் ஓரம் கொஞ்சம் முறுகிய தோசை. தொட்டால் போதும், முகர்ந்தால் போதும், வாயில் போட்டுத் துப்பினாலும் சரி. போனைக் காட்டி ஊட்டுவதில் வயிறு நிரம்பும், சாப்பிடப் பழக மாட்டாள். பால் அதிகம் குடித்து மற்றதைக் குறைத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு இரும்புச்சத்துக் குறைய வாய்ப்பு அதிகம், தூக்கம் கெடுவதற்கும் சிடுசிடுப்புக்கும் அதுவும் ஒரு காரணமாகலாம். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சாப்பிடுகிற பட்டியல் மேலும் சுருங்கினாலோ, எடை இறங்கினாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ காத்திருக்க வேண்டாம்.

கார்ட்டூன் வசனம் பேசுவதைப் பற்றிக் கவலையோடு எழுதியிருந்தீர்கள். அதைத் தடுக்காதீர்கள், அதில் அர்த்தம் தேடுங்கள். என்னிடம் வருகிற ஒரு குழந்தை ‘ஓடு ஓடு, பேய் வருது’ என்று சொன்னால் எனக்கு இங்கே பிடிக்கவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று பொருள். அவள் அம்மாவைத் தவிர யாருக்கும் அது தெரியாது. பொருளைக் கண்டுபிடித்ததும் அவள் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவள் வாயில் வருகிற மாதிரியே சொல்லிக் காட்டுங்கள்: ‘அம்மா, வீட்டுக்குப் போலாம்’. இது என்ன, அது என்ன கலர் என்று கேள்விகளாகக் கேட்பதைக் குறைத்து, நடப்பதைச் சும்மா சொல்லிக்கொண்டே போங்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்று சிலர் அறிவுரை தருவார்கள், எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சு கெடுவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. பாட்டியோடு பேச முடியாத குழந்தையாக அவளை ஆக்கிவிடாதீர்கள், தமிழில் பேசுங்கள், தமிழில் பாடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ரகளை வரும். அந்த நேரத்துக்கு என்ன செய்வது? கடையில் பொம்மை வேண்டும் என்று அழுகிற குழந்தை நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், பொம்மை கைக்கு வந்ததும் நின்றுவிடும். அங்கே முடியாது என்றால் முடியாதுதான், கோபப்படாமல் அதே வார்த்தையில் நில்லுங்கள். புலன்கள் நிரம்பி வழிந்த குழந்தைக்குக் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, அதற்கே நிறுத்தத் தெரியாது. முதல் வகையில் ஆரம்பித்து இரண்டாவதாக மாறுவதும் உண்டு. இரண்டாவது வகையில் பாடம் நடத்தாதீர்கள், ஏன் இப்படிப் பண்றே என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் அவளால் வார்த்தையை வாங்க முடியாது. ஆட்களை விலக்குங்கள், விளக்கைக் குறையுங்கள், இடித்துக்கொள்ளாதபடி பொருட்களை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். கட்டிப்பிடித்தால் அடங்குவாள் என்றால் கட்டிப்பிடியுங்கள், தள்ளினால் விட்டுவிடுங்கள். அடங்கிய பிறகு ஒரு வாய் தண்ணீர். பேச்செல்லாம் பிறகு, சில சமயம் மறுநாள்.

இதனால் அவளுக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்று ஆகிவிடாது. அடிக்கக் கூடாது, சாலையில் கையை விடக் கூடாது, இந்த மாதிரி ரொம்பக் குறைந்த விதிகள், ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி பிடிக்கிற விதிகள். ‘ஓடாதே’ என்பதைவிட ‘என் கையைப் பிடி’ என்பது அவளுக்குப் புரியும், என்ன செய்ய வேண்டும் என்று அதில்தான் இருக்கிறது. பல் தேய்ப்பு, குளியல், சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் என்று அவளையே போட்டோ எடுத்து வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள், அடுத்தது என்ன என்று தெரிந்தால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போவது எளிது. தூக்கம் இந்த வயதில் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். திரை, 2 முதல் 5 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம், படுக்கப்போகும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். கனமான போர்வை வாங்கச் சொல்லியிருப்பார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இங்கிலாந்தில் செய்த பரிசோதனையின் முடிவு 2014இல் வந்தது, தூக்கம் கூடவில்லை. அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கே காட்டுவது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்கிற குழந்தைகள் நலத் திட்டம் 2013இல் தொடங்கியது, பிறந்ததிலிருந்து 18 வயது வரை வளர்ச்சித் தாமதம் உட்பட்ட குறைகளைப் பரிசோதிக்கிறது. அதன்கீழ் மாவட்டங்களில் டி.இ.ஐ.சி. என்கிற ஆரம்பகால இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன, கட்டணம் இல்லை. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம், வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு, தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம். வளர்ச்சிக் குறைபாடு என்று முடிவானால், பெண் பிள்ளையாச்சே, சான்றிதழ் எதற்கு என்று வீட்டில் சொல்வார்கள். சான்றிதழ் இருந்தால்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை, ஆட்டிசம் என்றால் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடு, அதில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி இருக்கிறது. யாரிடம் சொல்வது, சொல்லாமலிருப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கும். ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது லட்சங்களில் பேசினால் கிட்டவே போகாதீர்கள், ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது.

பள்ளிக்கு மறுபடி போகும்போது கெஞ்சவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு, செய்யக்கூடிய மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பெல்லுக்கும் ஸ்பீக்கருக்கும் தூரமாக இடம், நோட்டுகளைச் சுமந்து அடுத்த வகுப்புக்குக் கொடுக்கிற மாதிரி உடம்புக்கு வேலை, தாங்க முடியாதபோது போய் உட்கார ஒரு மூலை. வகுப்பு மிஸ்ஸுக்கு இது உங்கள் மகளைப் பற்றிய நீண்ட விளக்கத்தைவிட உதவும்.

பரிசோதனைக்குப் போகும்போது நோட்டையும், போனில் சின்னச் சின்ன வீடியோக்களையும் கொண்டுபோங்கள்: தனியாக விளையாடுவது, உங்களோடு விளையாடுவது, சாப்பிடுவது, பேசுவது. புது இடத்தில் குழந்தை வீட்டில் இருக்கிற மாதிரி இருக்காது. தெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெற்றோரை உள்ளே விடுகிறாரா என்று பாருங்கள். கதவைச் சாத்திவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துக் குழந்தையைக் கையில் கொடுக்கிற இடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம், வாரத்தில் இரண்டு மணி நேரம் அங்கே நடப்பதைவிட மீதி நேரம் உங்கள் வீட்டில் நடப்பதுதான் அதிகம், அதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். நீங்கள் தூங்குகிறீர்களா என்று எழுதவே இல்லை. வாரத்தில் ஒரு மாலையாவது கணவர் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளட்டும், உதவிக்கு என்று இல்லாமல் தனியாகவே. அவளைத் தனியாகக் கவனித்தால் அந்தப் பத்து நிமிடங்கள் அவர் கண்ணுக்கும் தெரியும்.

காது பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் முடிந்ததும் என்ன வந்தது என்று எழுதுங்கள், ஒரு வார நோட்டையும் சேர்த்து எழுதினால் எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.